ஃபொயில் பிளேட்: எடை குறைந்ததா, நாள்பட உழைப்பதா?

ஃபொயில் என்பது வாள்வீச்சில் நுனியால் குத்தி ஆடும் லேசான வாள், பிளேட் அதன் அலகு. அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிராம்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்குக் கிடைக்கும் விடையால் பெரிய பயன் இல்லை. ஃபொயிலின் மொத்த எடை 500 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச வாள்வீச்சுச் சம்மேளனமான எஃப்.ஐ.ஈ.யின் விதி. இப்போது விற்பனைக்கு வரும் ஃபொயில்கள் அந்த எல்லைக்குக் கிட்டவும் போவதில்லை. பிடி, கார்ட் (கையைக் காக்கும் தட்டு), நுனி எல்லாம் பூட்டிய பிறகும் பெரும்பாலானவை 350 கிராம் அளவில்தான் நிற்கும். ஆனாலும் தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு ஃபொயிலில் ஒன்று நினைத்த இடத்துக்குப் போகும், மற்றது மணிக்கட்டைக் கீழே இழுக்கும்.

எடை எங்கே இருக்கிறது என்பதே காரணம். வாளைச் சுழற்றும்போது கை உணரும் மந்தம் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். கையிலிருந்து 80 செ.மீ. தள்ளியிருக்கும் 1 கிராம், 10 செ.மீ. தள்ளியிருக்கும் 64 கிராமுக்குச் சமம். அலுமினியப் பிடியை எடுத்துவிட்டு இன்னும் லேசான பிடி போட்டால் தராசில் 30 கிராம் குறையலாம், ஆனால் நுனியின் வேகம் கூடாது. சொல்லப்போனால், பின்பக்க எடை குறைந்ததால் வாள் முன்னால் சாய்ந்து, முன்பைவிடப் பாரமாகவே தோன்றும். தேயிலைக் கவ்வாத்துக் கத்திக்கு முன்பக்கம் பாரம் வேண்டும், அந்தப் பாரம்தான் கிளையை வெட்டுகிறது. ஃபொயிலுக்கு வேண்டியது நேர் எதிர்.

எனவே வாங்கும் முன், முழுதாகப் பூட்டிய ஒரு ஃபொயிலை ஆள்காட்டி விரல்மேல் கிடையாக நிறுத்திப் பாருங்கள். கார்டுக்கு முன்னால் 3 முதல் 5 செ.மீ.க்குள் அது சமநிலையில் நின்றால் நல்லது. 7 செ.மீ.யைத் தாண்டினால், அந்த பிளேட்டின் நுனிப்பாதியில் தேவைக்கு மேல் இரும்பு இருக்கிறது என்று கொள்ளலாம். பிளேட்டை மட்டும் தனியாக வாங்கும்போது இதைப் பார்க்க வழியில்லை. அப்போது நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு பிளேட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவற்றின் கனத்தை ஒப்பிடலாம். வேர்னியர் இருந்தால் இன்னும் நல்லது.

மராஜிங்கா, கார்பன் ஸ்டீலா

பணத்தைப் பிரிக்கும் கோடு இங்கேதான் விழுகிறது. மராஜிங் என்ற நிக்கல் எஃகில் செய்த பிளேட்டின் விலை, சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேட்டைப்போல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு. கொழும்பு வழியாக இறக்குமதியாகி நம் மலையகத்துக்கு ஏறும்போது அனுப்புச் செலவும் வரியும் சேரும். அந்த அனுப்புச் செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், நம் கைக்கு வரும்போது இந்த மடங்கு சற்றுச் சுருங்கியிருக்கும்.

கார்பன் ஸ்டீல் தன் பலத்தைக் கார்பனிடமிருந்தும், சூடாக்கித் தோய்க்கும் முறையிலிருந்தும் பெறுகிறது. மராஜிங்கில் கார்பன் மிகக் குறைவு. ஏறத்தாழ 18 வீதம் நிக்கல், அதோடு கோபால்ட், மொலிப்டினம், கொஞ்சம் டைட்டேனியம். இவற்றைச் சேர்த்து, 480 பாகை செல்சியஸுக்கு அருகில் பல மணிநேரம் வைத்து முதிர வைப்பார்கள். இதனால் வரும் நன்மை என்னவென்றால், உள்ளே ஒரு சிறு விரிசல் தொடங்கினாலும் அது மெதுவாகத்தான் பரவும். கார்பன் பிளேட்டில் விரிசல் வேகமாக ஓடும். காலையில் நேராக இருந்த பிளேட் மாலையில் ஒரு லஞ்ஜில் (முன்காலை நீட்டிப் பாய்ந்து குத்துவதில்) இரண்டாகும்.

மராஜிங் முறிந்தால் முனை மழுங்கலாக இருக்கும், அதனால் ஆபத்தில்லை என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பிச் செயற்பட வேண்டாம். முறிந்த மராஜிங்கின் முனையும் கூராக இருக்கலாம். அது பாதுகாப்பானது என்று சொல்வதற்குக் காரணம் குறைவாக முறிவது மட்டுமே. 1982இல் ரோமில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் எதிராளியின் பிளேட் முறிந்து முகக்கவசத்தைத் துளைத்ததில் விளாடிமிர் ஸ்மிர்னோவ் சில நாட்களில் உயிரிழந்தார். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபொயில் தனிநபர் தங்கம் வென்றவர் அவர். அதற்குப் பிறகுதான் பிளேட், முகக்கவசம், உடை மூன்றுக்குமான விதிகள் இறுகின. இன்று எஃப்.ஐ.ஈ. போட்டிகளில் ஃபொயிலுக்கு மராஜிங் கட்டாயம். உள்நாட்டுப் போட்டிக்கு எது போதும் என்பதை அந்தந்தப் போட்டியின் அறிவித்தலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடைக்காரர் சொல்வதை வைத்து அல்ல.

எஃப்.ஐ.ஈ. அங்கீகாரம் பெற்ற பிளேட்டில், கார்டுக்கு அருகில் உள்ள தடித்த பகுதியில் சம்மேளனத்தின் முத்திரையும் தயாரிப்பாளர் குறியும் தயாரித்த காலமும் பொறித்திருக்கும். ஒட்டிய ஸ்டிக்கரை முத்திரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

யாருக்கு எது? வாரம் ஒரு நாள் பழகும், கால் வைப்பும் கை நீட்டலும் இன்னும் படியாத பிள்ளைக்கு மராஜிங் வாங்குவது வீண். தூரம் தெரியாமல் மிக அருகில் போய் இடிக்கும் கட்டத்தில் எந்த எஃகும் வளையும், எந்த எஃகும் முறியும். வாரம் மூன்று நாள், நுனி பட்டதும் விளக்கு எரியும் மின்கருவியோடு ஆடி, மாகாண மட்டத்துக்கு மேலே போட்டியிடுகிறவருக்குக் கார்பன் பிளேட் மலிவு போலத் தோன்றும், ஆனால் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறிந்தால் மராஜிங்கின் விலை தானாகவே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் வயர், பசை, போக்குவரத்து என்று தனிச் செலவு வேறு.

விறைப்பு: பலர் கவனிக்காத இடம்

எஃகைவிட ஒரு ஆட்டக்காரர் உடனே உணர்வது விறைப்பைத்தான். விதி சொல்வது இது: நுனியிலிருந்து 70 செ.மீ. தள்ளி பிளேட்டைக் கிடையாக இறுக்கிப் பிடித்து, நுனியிலிருந்து 3 செ.மீ.யில் 200 கிராம் எடையைத் தொங்கவிட்டால், நுனி குறைந்தது 5.5 செ.மீ.யும் கூடியது 9.5 செ.மீ.யும் இறங்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு மேசை விளிம்பு, ஒரு கிளாம்ப், ஒரு அளவுகோல், பொலித்தீன் பையில் 200 மி.லீ. தண்ணீர். 200 மி.லீ. தண்ணீர் 200 கிராம்தான், தனி எடைக்கல் தேடத் தேவையில்லை. பையைக் கட்டுவதற்கு முன் நுனியின் உயரத்தையும் கட்டிய பின் அதே நுனியின் உயரத்தையும் குறித்துக் கழித்தால் போதும்.

6 செ.மீ.க்குக் கீழே இறங்குவது விறைப்பானது. 8 செ.மீ.க்கு மேல் போவது மென்மையானது. நடுவில் 6.5 முதல் 7.5 வரை உள்ளவை நடுத்தரம். விற்பவர்கள் ஹார்ட், மீடியம், சொஃப்ட் என்று எழுதுவார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் சொஃப்டாக இருக்கும், ஒரே பெட்டியில் வந்த இரண்டும்கூட ஒத்துப்போகாது. ஆகவே அளந்தே வாங்க வேண்டும், அல்லது வாங்கியதும் அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்ட வேண்டும்.

மென்மையான பிளேட்டின் கவர்ச்சி முதுகிலும் தோளிலும் நுனியைத் துள்ள வைக்கும் ஃப்ளிக் அடி. முன்பு அது வெறும் தொடுதலிலேயே விளக்கை எரிய வைத்தது. 2000களின் நடுவில் நுனி அழுத்தி நிற்க வேண்டிய நேரத்தை 14 மில்லிசெக்கனாக உயர்த்திய பிறகு ஃப்ளிக் அழிந்துவிடவில்லை, ஆனால் அதை நம்பி மட்டும் பிளேட் தேர்ந்தெடுப்பதற்கு நியாயம் குறைந்துவிட்டது. மென்மையான பிளேட் பரி (எதிராளியின் வாளைத் தட்டி விலக்குவது) செய்த பிறகு அதிர்ந்துகொண்டே இருக்கும், நுனி அடங்குவதற்குள் ரிபோஸ்ட் (பரிக்குப் பின் திருப்பிக் குத்துவது) போக வேண்டிய இடம் நகர்ந்துவிடும். விறைப்பான பிளேட்டில் நுனி சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் அது நுனிப்பாதியின் குறுகிய பகுதியில் மட்டும் கூர்மையாக வளையும், எதிராளியின் உடம்பில் வலிக்கும், சீக்கிரம் களைத்து முறியும்.

பிளேட்டுகள் பெரும்பாலும் முறியும் இடம் நுனியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தூரம். தடிப்பான பகுதி மெலியத் தொடங்கி, வளைவு எல்லாம் வந்து குவியும் இடம் அது. இரண்டாவது இடம் பிடிக்குள் போகும் வால், குறிப்பாக மரை தொடங்கும் கழுத்து. எடையைக் குறைப்பதற்காக நடுப்பகுதியை மெலிய வைத்த பிளேட்டுகள் முதல் இடத்தில் சீக்கிரம் களைக்கும். லேசும் உழைப்பும் ஒன்றோடொன்று முட்டுவது இங்கேதான். அடிப்பாதியின் குறுக்குவெட்டில் குழி கொடுத்து எடை குறைத்து, நுனிப்பாதியின் கனத்தைக் காப்பாற்றும் பிளேட்டுகளும் உண்டு. விலை கூடினாலும், "மிக லேசு" என்ற பெயரில் வருபவற்றில் நாம் பரிந்துரைக்கக் கூடிய வகை அது ஒன்றுதான்.

பிறகு அளவு. 5ஆம் இலக்கம் 90 செ.மீ., இதுவே பெரியவர்களுக்கான உச்ச அளவு. 2ஆம் இலக்கம் ஏறத்தாழ 82 செ.மீ., 0 இலக்கம் அதைவிடக் குறைவு. பத்து வயதுப் பிள்ளையிடம் "வளர்ந்தாலும் உதவும்" என்று 5ஐக் கொடுப்பது பாடசாலைச் சப்பாத்தைப் பெரிய அளவில் வாங்குகிற அதே கணக்கு. இங்கே அது பலிக்காது. தோள் இறுகி, பரி முழுக் கையாலும் நடக்கப் பழகிவிடும். பின்னால் திருத்த ஆண்டுக்கணக்காகும்.

மலையின் ஈரம்

ஐரோப்பிய விற்பனைப் பட்டியல்கள் சொல்லாத ஒரு எதிரி நமக்கு உண்டு. வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மி.மீட்டரைத் தாண்டும். ஹட்டன், கொட்டகலை, நாவலப்பிட்டிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் அப்போது காய்ந்து கிடக்கும், ஆனால் ஒக்டோபருக்குப் பிறகு அங்கே தொடங்கும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மழை இல்லாத நாளிலும் மூடுபனி மண்டபத்துக்குள் வந்துவிடும். குளிர்ந்த பிளேட்டின்மேல், ஆட்டத்தில் சூடான ஆளின் ஈரக் கையுறை படுகிறது. அதோடு அப்படியே பைக்குள் போகிறது. மறுநாள் காலையில் மஞ்சள் புள்ளி.

மராஜிங் துருப்பிடிக்காது என்று நினைப்பது பெரிய தவறு. நிக்கல் நிறைய இருந்தாலும் அது ஸ்டெயின்லெஸ் அல்ல. கார்பனைவிடச் சற்று மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். மேற்பரப்புத் துருவை நுண்ணிய சான்ட்பேப்பரால் நீளவாக்கில் தேய்த்தால் போய்விடும். ஆபத்து குழிந்து போன துருவில். ஒவ்வொரு குழியும் ஒரு விரிசல் தொடங்கும் புள்ளி. மின்கருவிக்கான வயர் போகும் காடிக்குள் பசைக்கு அடியில் ஈரம் தங்கினால் வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மராஜிங், துடைக்காத பழக்கத்தால் கார்பனின் ஆயுளையே அடையலாம். அதனால்தான் மலையகத்தில் எஃகைத் தேர்வதற்கு முன் துடைக்கும் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பொதுப் பையில் பலர் எடுத்துப் பாவிக்கும் பாடசாலை வாள்களுக்குக் கார்பன்; ஒருவரே பொறுப்பாக வைத்திருக்கும் வாளுக்கு மராஜிங்.

துடைப்பது எளிது. பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் கார்டிலிருந்து நுனிவரை ஒரு இழுப்பு, பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்ட துணியால் இன்னொரு இழுப்பு. நுனியில் 15 செ.மீ. வரை சுற்றியிருக்கும் இன்சுலேஷன் டேப்பில் எண்ணெய் படக்கூடாது, கழன்றுவிடும். தேங்காயெண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்து பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். நுனிக் குழாய்க்குள் எந்த எண்ணெயும் வேண்டாம். அந்த டேப்பை மாதம் ஒருமுறையாவது பிரித்துப் பாருங்கள், துரு மறைந்து வளர விரும்பும் இடம் அதுதான். ஈரமான கையுறையையும் வாளையும் ஒரே பைக்குள் போடாதீர்கள். நானுஓயாவிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போட்டிக்குப் போகும்போது உதிரி பிளேட்டுகளை பி.வி.சி. தண்ணீர்க் குழாய்க்குள் போட்டுக் கொண்டுபோகலாம், வளையாது. ஆனால் இருபக்கமும் மூடிபோட்டு நாட்கணக்கில் வைக்கக் கூடாது, உள்ளேயே வேர்க்கும்.

வயர் போட்டதா, வெறும் பிளேட்டா

வயரும் நுனியும் பொருத்திய பிளேட் வாங்கினால் அன்றே ஆடலாம். வெறும் பிளேட் மலிவு, அதோடு வயர் போடத் தெரிந்த ஒருவர் கழகத்தில் இருந்தால் பழுதுக்கு அலைய வேண்டியதில்லை. மலையில் பழுது பார்க்கும் கடை இல்லாததால் எப்படியும் ஒருவர் இதைக் கற்றே ஆக வேண்டும். எனவே முதலாவது பிளேட்டை வயரோடும் இரண்டாவதை வெறுமையாகவும் வாங்குவது நல்ல இடைவழி.

வேலை இப்படி. பழைய வயரையும் பசையையும் அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்டி எடுக்கவும். அடுப்புத் தீயில் காட்டி எரிக்கக் கூடாது, எஃகின் பதம் கெட்டு அந்த இடத்திலேயே முறியும். காடியை உலர்த்தி, பிளேட்டின் இரு முனையையும் கயிற்றால் கட்டி, காடி வெளிவளைவில் வரும்படி வில்போல் வளைக்கவும். அப்போது இழுத்துப் பிடித்த வயர் காடியின் அடியில் போய் உட்காரும். சுப்பர் குளூவைச் சிறு துளிகளாக வரிசையாக விடவும். அந்தப் பசை ஈரத்தில்தான் இறுகும், மூடுபனி நாளில் மிக வேகமாக இறுகி வெள்ளைப் பூஞ்சணம்போல் படரும், உள்ளே பிடிப்பும் குறையும். மழை ஓய்ந்த மதியத்தில், அறை உலர்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

முடிந்ததும் மல்டிமீட்டர். ஃபொயிலின் மின்சுற்று சாதாரணமாக மூடியிருக்கும், நுனியை அழுத்தினால் திறக்கும். மூடியிருக்கும்போது மின்தடை 2 ஓமைத் தாண்டக் கூடாது. மலிவு மீட்டர்களின் கம்பிகளே அரை ஓம் காட்டும், முதலில் இரண்டு கம்பியையும் சேர்த்து அளந்து கழித்துக்கொள்ளவும். நுனி ஸ்பிரிங் 500 கிராமைத் தாங்கி மேலெழும்ப வேண்டும், இதற்கும் அரை லீற்றர்த் தண்ணீர் போதும்.

நுனிக் குழாயின் மரை ஜேர்மன் வகை, பிரெஞ்சு வகை, லியோன் போல் நிறுவன வகை என்று வேறுபடும். ஒன்று மற்றதில் ஏறாது. ஏறுவதுபோல் ஏறி பாதியில் சிக்கினால் பிளேட்டின் நுனி மரை நாசம். கையில் இருக்கும் உதிரி நுனிகள் எந்த வகையோ அதே வகை பிளேட்டைத்தான் கேட்க வேண்டும். அடிவாலில் ஐரோப்பிய பிளேட்டுகளுக்குப் பெரும்பாலும் 6 மி.மீ. மெட்ரிக் மரை, இது ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். துப்பாக்கிப் பிடிபோல் வளைந்த பிஸ்டல் பிடிக்கு வாலை ஏறத்தாழ 7 செ.மீ.க்கு வெட்ட வேண்டும். வெட்டும் முன் நட்டை உள்ளே ஏற்றிவிட்டால், பிறகு அதைக் கழற்றும்போது வெட்டிய மரை சீராகும். வெட்டிய வாலில் நேரான பிரெஞ்சுப் பிடி இனிப் பொருந்தாது, ஆகவே எந்தப் பிடி என்று தீர்மானித்த பிறகே அரம் எடுங்கள்.

எங்கள் தெரிவு

போட்டிக்குப் போகிறவருக்கு: 6.5 முதல் 7.5 செ.மீ. இறங்கும் நடுத்தர விறைப்பு, மராஜிங், ஒரே தயாரிப்பாளரின் இரண்டு பிளேட்டுகள். ஒன்றை மட்டும் மிக உயர்ந்ததாக வாங்கி, இரண்டாவதாக ஏதோ ஒன்றை வைப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம். பிஸ்டில் (ஆடும் நீள்தளத்தில்) ஏறும்போது விதிக்கு அமைந்த இரண்டு வாள் கையில் இல்லாவிட்டால் மஞ்சள் அட்டை. அதைவிட முக்கியம், 13-13 என்ற புள்ளியில் வயர் அறுந்து இரண்டாவது வாளை எடுக்கும்போது அது வேறு எடையிலும் வேறு விறைப்பிலும் இருந்தால் கை அதற்குப் பழகுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பணம் ஒரு மராஜிங்குக்குத்தான் போதும் என்றால், அதே பணத்துக்கு ஒத்த விறைப்புள்ள இரண்டு நல்ல கார்பன் பிளேட்டுகளை எடுங்கள், போட்டி விதி அனுமதித்தால். ஒன்று முறிந்தாலும் மற்றது கைக்குத் தெரிந்த வாளாக இருக்கும்.

பழகத் தொடங்குவோருக்கும் பாடசாலைப் பைக்கும்: வயர் போட்ட கார்பன், சற்று மென்மையான பக்கம், வயதுக்கேற்ற நீளம். இங்கே எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எதை வாங்கினாலும் வளைவைப் பாருங்கள். மேசைமேல் வைத்தால் நடுவில் மேல்நோக்கி ஒரே சீரான வளைவு, 1 செ.மீ.க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். நல்ல பிளேட்டுக்கு அரை செ.மீ. போதும். ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் வளைந்தால் உடனே நிறுத்தி, சப்பாத்துக்கு அடியில் வைத்து மெதுவாக இழுத்துச் சீராக்குங்கள். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வளைப்பதுதான் பிளேட்டைக் கொல்லும் வேகமான வழி. ஓரங்களில் வெட்டுக் காயம் தெரிந்தால் நுண் அரத்தால் நீளவாக்கில் தேய்த்து மழுக்குங்கள். குறுக்காகத் தேய்த்த கோடு புதிய விரிசலுக்கு வழிவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கூர்மையாக மடியும் பிளேட்டை, முறியவில்லை என்பதற்காகத் தொடர்ந்து ஆடாதீர்கள். எஸ் எழுத்துப்போல் இரட்டை வளைவு விழுந்ததும் அதே கணக்கில்தான்.

முறிந்தால் இருவரும் அப்படியே நின்று, துண்டு எங்கே விழுந்தது என்று தேடி எடுக்கவும். நுனி, குழாய், ஸ்பிரிங், கார்ட், சொக்கெட், பிடி அனைத்தும் அடுத்த பிளேட்டுக்கு உதவும். கழற்றித் துடைத்து ஒரு டப்பாவில் போடுங்கள். கூரான துண்டை டேப் சுற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட வேண்டும், மண்டபத்து மூலையில் சாய்த்து வைக்கக் கூடாது.